சிரிப்புக் கதை எழுதிய அம்மாவும் எங்கள் ஊர் வாசகர்களும்

என்னைக் கோபப்படுத்த இன்றைக்கும் ஒரு சொல் போதும்: 'டைம் பாஸ்'. கையிலிருக்கும் புத்தகத்தின் அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு யாராவது "ஓ, டைம் பாஸா?" என்று கேட்டுவிட்டால், அவரை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசாமல் விடமாட்டேன். "வயசாச்சு, பிரஷர் ஏறும், விடும்மா" என்கிறாள் என் மகள். எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் நடந்த ஒரு கூட்டத்தைப் பார்த்திருந்தால் அவளும் விட்டிருக்க மாட்டாள்.

அப்போது நான் திருவண்ணாமலையில் டெலிபோன் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம். எதிரே துளை துளையாக ஒரு பலகை, காதில் ஹெட்போன், கையில் ஒயர். மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர்) வியாபாரிகளும் நெல் மண்டிக்காரர்களும், பௌர்ணமிக்கு வந்துவிட்டு ஊருக்குத் தகவல் சொல்லத் தவிப்பவர்களும் லைன் கிடைக்காத கோபத்தை எங்கள் மேல்தான் காட்டுவார்கள். "இன்னாம்மா, தூங்கறியா?" என்று கேட்காத ஆள் கிடையாது. அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு, டிபன் இடைவேளையில் ஓய்வறைக்குப் போய் உட்கார்ந்தால் எங்களுக்கு இருந்த ஒரே ஆறுதல் மாத நாவல்.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. பழுப்புத் தாள். பஸ் ஸ்டாண்டு பேப்பர் கடையில் கிளிப்பில் தொங்கும். ஒருவர் வாங்கினால் பத்துப்பேர் கை மாறி, அட்டை போய், முதல் நாலு பக்கம் போய், கடைசியில் கதையின் நடுத்துண்டு மட்டும் மிஞ்சும். துப்பறியும் கதை, அழுகைக் கதை, பேய்க் கதை எல்லாம் வரும். எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு அம்மா எழுதும் கதைகள்தான். பேர் வேண்டாம், அந்த அம்மா என்றே சொல்கிறேன். காதல் கதைதான், ஆனால் சிரிப்பு. ஒரு பெண்ணும் ஒரு ஆணும் முதல் அத்தியாயத்தில் சண்டை போட்டுக்கொள்வார்கள். கடைசி அத்தியாயத்தில் கல்யாணம். நடுவில் நடப்பதையெல்லாம் படித்து நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவோம்.

'நாங்கள்' என்றால் நானும் என் பக்கத்து நாற்காலிக்காரியும். அவளும் ஆபரேட்டர், என் வயசு. ஊரில் பல தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பம் அவளுடையது. அப்பாவும் சித்தப்பாவும் தகரப் பெட்டி செய்பவர்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணமாகிப் போன பெண்களில் பாதிப்பேர் அவர்கள் பட்டறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் போயிருப்பார்கள். வீட்டில் உருது, எங்களோடு தமிழ், அதிலும் என்னைவிட வாய் ஜாஸ்தி.

அந்த அம்மாவின் கதைகளை அவளைப்போல யாரும் ரசித்து நான் பார்த்ததில்லை. அவளைப்போல யாரும் திட்டியும் பார்த்ததில்லை.

"இந்த ஹீரோ எவனுக்காவது அம்மா இருக்குதா பாரு. எல்லாவனும் அனாதை. மாமியார் இல்லாத வூடா தேடித் தேடி மாப்பிள்ள புடிக்கிறாங்க இந்த அம்மா" என்பாள். இன்னொரு நாள், "எங்காளுங்க ஒருத்தரும் கதையில வரமாட்டேங்கறாங்கடி. வந்தா பண்டிகைக்கு பிரியாணி குடுத்துட்டுப் போயிடறாங்க. நாங்க இன்னா பிரியாணி குடுக்கறதுக்குன்னே பொறந்தோமா?"

"அப்புறம் ஏன் படிக்கிற?" என்றேன்.

"சிரிப்பு வருதே! அதான் கோவமும் வருது. வேற எவனாவது எழுதினா தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவேன்."

வீட்டில் எனக்கு இன்னொரு கூட்டாளி இருந்தாள், என் அண்ணி. கீழ்பென்னாத்தூரில் நிலம் நீச்சுள்ள குடும்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். அவள் படிக்கும்போது உதடு அசையும். சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள், ஏனென்றால் அண்ணனுக்கு அவள் படிப்பது பிடிக்காது, சிரிப்பது அதைவிடப் பிடிக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெந்நீர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அண்ணி அந்த அம்மாவின் புதுக் கதையைப் படித்துக்கொண்டிருந்தாள். கதையில், காது கேளாத ஒரு வீட்டுக்காரர் ஒரே போர்ஷனை ஒரு பாங்க் கிளார்க் பெண்ணுக்கும் அந்த பாங்குக்குப் புதிதாக வந்த மேனேஜருக்கும் வாடகைக்கு விட்டுவிடுகிறார். யார் காலி செய்வது என்று சண்டை. அவள் அவனுடைய ஒற்றை ஷூவை அரிசி டிரம்மில் ஒளித்து வைத்துவிடுகிறாள். அவன் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் ரப்பர் செருப்புமாக பாங்குக்குப் போகிறான். அண்ணி அந்த இடத்தில் இருந்தாள். அடுப்பு அணைந்துபோனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அண்ணன் துண்டோடு வந்து வாளியில் கைவிட்டுப் பார்த்தான். பச்சைத் தண்ணீர்.

"இன்னா இது?" என்று புத்தகத்தைப் பிடுங்கினான். அட்டையைப் பார்த்தான். "இதுவாவது எரியுதா பாக்கலாம்" என்று சொல்லி, கங்குக்குள் செருகி ஊதினான். பழுப்புத் தாள் அல்லவா, உடனே பற்றிக்கொண்டது.

நான் கூடத்திலிருந்து ஓடிவந்து கத்தினேன். "அது என் புத்தகம்! நீ எப்படி எரிக்கலாம்?"

"இந்தக் குப்பையைப் படிச்சுத்தான் பொம்பளைங்க வீட்டை மறந்துடறீங்க. சம்பாதிக்கிறேன்னு நீ வேற வாய் பேசாத."

அண்ணி விறகைச் சரிசெய்து, வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். அவன் குளித்து வெளியே போன பிறகு, மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "பாப்பா, அந்த ஷூ கெடச்சுதா?" என்று கேட்டாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. உட்கார்ந்து மிச்சக் கதை முழுக்கச் சொன்னேன். கடைசியில் அவன் அவளுக்கு உப்புமா கிண்டிக்கொடுத்து, கட்டிதட்டிப்போன உப்புமாவுக்கும் அதுவரை போட்ட சண்டைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்பான். அண்ணி உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"எந்த ஆம்பள மன்னிப்பு கேப்பான்? பொய்யி" என்றாள். மறுபடி உரிக்கத் தொடங்கியவள், "ஆனா எழுதட்டும். நல்லாத்தான் இருக்குது கேக்கறதுக்கு" என்றாள்.

இப்படி ஒருத்தி உட்கார்ந்து கேட்ட கதையைத்தான் அந்தக் கூட்டத்தில் கிழித்துப் போட்டார்கள்.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஒரு கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்தவர். ஊரில் வாசகர் வட்டம் ஒன்று வைத்திருந்தார்கள். அதற்கு அவர்தான் செயலாளர். மாதம் ஒருமுறை ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடிப் பேசுவார்கள். தலைவர் ஒரு ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு அவர் எழுந்தால் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த அம்மா பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறார் என்று யார் மூலமோ செயலாளருக்குத் தெரிந்தது. மறுநாள் மாலை கூட்டத்துக்கு வரச் சம்மதம் வாங்கிவிட்டார். அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த அம்மாவின் கதை வந்தால் அவர்தான் ஊரில் முதலில் வாங்குவார். நாளிதழுக்குள் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். அவர் மனைவி அண்ணியிடம் சொல்லியிருக்கிறாள்: "அவரு முடிச்சாத்தான் என் கைக்கு வரும். படிச்சுக்கினே கட்டிலு ஆடற மாதிரி சிரிப்பாரு." ஆனால் பேராசிரியரிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? 'இலக்கியமா, பொழுதுபோக்கா?' என்று தலைப்பு வைத்தால்தான் தலைமை தாங்குவேன் என்று அவர் சொல்லிவிட்டார். செயலாளரும் சரியென்று தலையாட்டிவிட்டார்.

நானும் தோழியும் டியூட்டி முடிந்த கையோடு போனோம். அண்ணியும் வந்தாள். அண்ணன் கூட்டத்துக்கு வருவதாக இருந்ததால், "நானும் வரேன்" என்று அவள் சொன்னபோது மறுக்க அவனுக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஆண்கள் முன்னால், நாங்கள் பெண்கள் கொஞ்சம்பேர் பின்னால் பெஞ்சில்.

அந்த அம்மா எப்படி இருப்பார் என்று நாங்கள் என்னென்னவோ நினைத்திருந்தோம். ஒல்லியாக, கைத்தறிப் புடவையில், கையில் குடையோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். சென்னையில் ஏதோ ஆபீஸில் கிளார்க். வெறுங்காலோடு மலை சுற்றியதில் பாதமெல்லாம் கொப்புளம். மேஜைக்கு அடியில் ஒரு காலை மாற்றி இன்னொரு காலை ஊன்றிக்கொண்டே இருந்தது எனக்குத் தெரிந்தது. எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

பேராசிரியர் பேசத் தொடங்கினார். சங்க காலத்தில் ஆரம்பித்து இந்த அம்மாவிடம் வந்து சேர வெகுநேரம் ஆனது. வந்து சேர்ந்ததும் விடவில்லை.

"நாட்டிலே பஞ்சம். படித்த இளைஞனுக்கு வேலையில்லை. இந்த அம்மையாரின் கதாநாயகிக்கு ஒரே கவலை, ஒற்றைச் செருப்பை எங்கே ஒளிப்பது!" என்றார். சபை சிரித்தது. "பஞ்சு மிட்டாய் விற்கிறார் அம்மையார். வாயில் வைத்தால் கரைந்துபோகும். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. குடும்பப் பெண்களின் நேரத்தை, சிந்தனையைக் கெடுக்கும் இந்தக் குப்பைகளை நான் ஒரு வரிகூடப் படித்ததில்லை என்பதை இந்த மன்றத்தில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டல். பலமான கைதட்டல்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். செயலாளர் தட்டினார். மனைவிக்கு முன்னால் படித்துக் கட்டிலில் குலுங்கிச் சிரித்த அந்த மனுஷன், இரண்டு கையையும் மேலே தூக்கித் தட்டினார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர். போன மாதம்தான் தன் தங்கை மூலமாக என்னிடம் புத்தகம் வாங்கி, கடைசிப் பக்கம் இல்லையே என்று ஆள் அனுப்பிக் கேட்டவர். அவரும் தட்டினார். அண்ணனும் தட்டினான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படிக்காமல் திட்டியவரைக்கூட மன்னிக்கலாம். படித்துச் சிரித்துவிட்டு, சிரிக்க வைத்தவரின் முகத்துக்கு எதிரே தட்டினார்களே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

கேள்வி நேரம். காலேஜில் படிக்கும் ஒரு தம்பி எழுந்து, "உழைக்கும் மக்கள் ஏன் உங்க கதையில் வர்றதில்ல?" என்று கேட்டான். அதுவாவது ஒரு கேள்வி. அதற்கு அந்த அம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு பெரியவர் எழுந்து, "கதாநாயகி புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடறா. இதுதான் நம்ம பண்பாடா?" என்று சத்தம் போட்டார். மறுபடியும் கைதட்டல்.

அந்த அம்மா எழுந்து நின்றார். சண்டை போடப்போகிறார், அவருடைய கதாநாயகி மாதிரி நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கைகூப்பினார். "பெரியவங்க சொல்றது சரியா இருக்கலாம். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதாங்க" என்றார்.

அதைக் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். என்ன பேசப்போகிறேன் என்று யோசித்து எழவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். இங்க இருக்கறவங்கள்ல இந்த அம்மா கதையைப் படிச்சவங்க மட்டும் கைதூக்குங்க. பேசறது அப்புறம் பேசலாம்."

நான் கைதூக்கினேன். தோழி தூக்கினாள். முன்வரிசையில் ஒரு கைகூட எழவில்லை. செயலாளர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது என் மறுபக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. அண்ணி கைதூக்கியிருந்தாள். கை நேராக, உயரமாக, பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல. அண்ணன் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள், கையை இறக்கவில்லை. பிறகு பின் பெஞ்சில் இன்னும் இரண்டு மூன்று கைகள். செயலாளரின் மனைவியும் தூக்கினாள்.

"அவ்வளவுதானா? அப்ப இந்தப் பக்கம் இருக்கறவங்க எல்லாரும் படிக்காமத்தான் கைதட்டினீங்களா?" என்றேன்.

பேராசிரியர் முகம் சிவந்துவிட்டது. "அம்மா, உட்காருங்க" என்றார்.

நான் உட்காருவதற்குள் தோழி எழுந்துவிட்டாள். "மேடம், எனக்கு உங்க மேல கோவம் இருக்குது" என்று ஆரம்பித்தாள். அந்த அம்மா திடுக்கிட்டுப் பார்த்தார். "உங்க ஹீரோ யாருக்கும் அம்மாவே இல்லியே, ஏங்க? நிஜத்துல மாமியாரோடதான எங்களுக்குப் பாதி கஷ்டம், பாதி சிரிப்பு? அதையில்ல எழுதணும்? அப்புறம், எங்க ஆளுங்க எதுக்கு பிரியாணி குடுக்க மட்டும் வராங்க? நாங்க காதலிக்க மாட்டோமா? எங்க வீட்டுல யாரும் சிரிக்க மாட்டோமா?"

"இது மாதர் சங்கக் கூட்டமில்லை" என்று பேராசிரியர் மேஜையைத் தட்டினார். "வீட்டுப் பேச்சையெல்லாம் இங்கே..."

"ஐயா, அவங்க பேசட்டுங்க" என்றார் அந்த அம்மா. அதுவரை கேட்காத குரல். "இவ்வளவு நேரத்துல என் கதையைப் படிச்சிட்டுப் பேசின மொத ஆளு அவங்கதான்."

பேராசிரியர் உட்கார்ந்தார்.

"மாமியார் சொன்னீங்களே" என்று அந்த அம்மா தோழியைப் பார்த்துச் சொன்னார், "எனக்கு ரொம்ப வருஷம் இருந்தாங்க. கதையிலயாவது கொஞ்சம் ஓய்வு கெடைக்கட்டுமேன்னு விட்டுட்டேன்." பெண்கள் பக்கம் சத்தமாகவே சிரித்தோம். அண்ணி முந்தானையைத் தேடவே இல்லை. "ரெண்டாவது கேட்டது நியாயம்தாம்மா. எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க இருக்காங்க. பண்டிகைக்கு பிரியாணி குடுப்பாங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். தெரிஞ்சதை எழுதிட்டேன்."

"அப்ப எங்க வீட்டுக்கு வாங்க" என்றாள் தோழி.

நன்றியுரை சொல்லக்கூட செயலாளர் எழவில்லை. கூட்டம் அப்படியே கலைந்தது.

மறுநாள் காலை சென்னை பஸ் ஏறுவதற்கு முன்னால் அந்த அம்மா உண்மையாகவே தோழி வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். வாசல் பக்கம் பட்டறை, உள்ளே வீடு. தகரத்தை அடிக்கும் சத்தம் தெருமுனைக்கே கேட்கும். எங்களைப் பார்த்ததும் தோழியின் அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். பெட்டிமேல் பூப்போடுவதைப் பற்றி அந்த அம்மா கேட்டதும், "கல்யாணப் பொட்டின்னா ரோஜாங்க. ஆஸ்டலுக்குப் போற பொட்டின்னா வெறும் கருப்பு. படிக்கப் போற எடத்துல எதுக்கு ரோஜா?" என்றார். அந்த அம்மா அப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

உள்ளே டீயும் சம்சாவும் வைத்தார்கள். தோழியின் அம்மா, "இவளக் கேளுங்க, இவ கூத்த" என்று ஒரு சம்பவத்தை எடுத்துக்கொடுத்தார். தோழியைப் பெண் பார்க்க ஒரு மாப்பிள்ளை வந்திருக்கிறான். உட்கார நாற்காலி பற்றவில்லை. மரியாதைக்காரப் பையன், நாற்காலியைப் பெரியவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். அது அன்று காலை பூப்போட்ட பெட்டி. பெயிண்ட் காயவில்லை. எழுந்தபோது வெள்ளை பேண்டின் பின்னால் இரண்டு ரோஜா.

"யாரும் சொல்லல" என்றாள் தோழி. "அவரு தெருவு முழுக்க ரோஜாவோட நடந்து போறாரு. நான் ஜன்னல்ல நின்னு சிரிக்கிறேன். எனக்கு அவரப் புடிச்சுப்போச்சு. அவங்க வீட்டுலதான் இன்னும் பதில் சொல்லல."

அந்த அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரித்துச் சிரித்து. "இதை நான் எழுதிக்கட்டுமா?" என்றார்.

"எழுதுங்க. ஆனா நான்தான் ஹீரோயின். இன்னொருத்திக்குக் குடுத்துடாதீங்க."

"சத்தியமா" என்றார் அந்த அம்மா.

அடுத்த சில மாதங்கள் நாங்கள் பஸ் ஸ்டாண்டு கடையை விட்டுவைக்கவில்லை. ஒருநாள் வந்தது. ஓய்வறையில் இரண்டுபேரும் ஒரே புத்தகத்தில் தலையை நுழைத்துப் படித்தோம். பட்டறை இருந்தது. ரோஜா இருந்தது. அப்பா சொன்ன ஆஸ்டல் பெட்டி இருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு அம்மாகூட இருந்தார், நல்ல சண்டைக்காரி. ஆனால் கதாநாயகி வேறு யாரோ ஒரு பெண். பட்டறை வீட்டுப் பெண், கதாநாயகியின் தோழியாக வந்து, ரோஜா சம்பவத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். கடைசி அத்தியாயக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறாள்.

என் தோழி புத்தகத்தை மூடினாள். "ஜோக்கு எல்லாம் எனக்கு. மாப்பிள்ள அவளுக்கு" என்றாள்.

மறுநாள் வேலை நேரம் முடிந்து, தபால் ஆபீஸ் டெலிபோன் கூண்டுக்குள் இரண்டுபேரும் நெருக்கி நின்று, மற்றவர்களைப்போலவே காத்திருந்து, அந்த அம்மா கொடுத்துவிட்டுப் போயிருந்த ஆபீஸ் நம்பருக்கு டிரங்க் கால் போட்டோம். ரிசீவரில் நானும் காதை ஒட்டிக்கொண்டேன்.

"சத்தியம் பண்ணீங்களே மேடம்" என்றாள் தோழி.

"நான் எழுதினேன்மா. நீதான் கதாநாயகி, உனக்கும் அந்தப் பையனுக்கும்தான் கல்யாணம். அப்படித்தான் எழுதிக் குடுத்தேன். பத்திரிகையில திருப்பி அனுப்பிட்டாங்க. வாசகர்கள் ஒத்துக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. நான் மாத்திக் குடுத்தேன்."

"எந்த வாசகர்?"

"அதை அவங்க சொல்லலம்மா."

லைன் கரகரத்தது. தோழி திட்டுவாள் என்று நினைத்தேன். "மாமியாரு நல்லா வந்திருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

எனக்குத்தான் ஆறவில்லை. வாசகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். ஒரு வரிகூடப் படித்ததில்லை என்று மார்தட்டிய பேராசிரியரைக் கேட்டார்களா? கை தூக்கப் பயந்த செயலாளரைக் கேட்டார்களா? படிப்பது நாங்கள். வரிசையில் நின்று வாங்குவது, பத்துக் கை மாறிப் படிப்பது, வீட்டில் திட்டு வாங்குவது எல்லாம் நாங்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம் என்று யாரோ ஒருவர் சென்னையில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார். எங்களை முட்டாள்கள் என்று சொன்னவர்களைவிட, எங்களைக் குறுகிய மனசுக்காரர்கள் என்று தாங்களாகவே முடிவுகட்டியவர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம் ஜாஸ்தி.

பத்திரிகைக்கு ஆளுக்கொரு தபால் கார்டு போடுவது என்று முடிவு செய்தோம். ஆபரேட்டர்கள் எல்லாரும் எழுதினோம். செயலாளரின் மனைவியும் எழுதினாள். அண்ணி அடுப்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: 'பட்டறை வீட்டுப் பெண்ணுக்கு கல்யாணம் செய்து வைத்திருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன். இப்படிக்கு ஒரு வாசகி.'

கடைத்தெருவுக்குக் கிளம்பிய அண்ணனிடம் அதை நீட்டி, "பெட்டியில போட்டுட்டு வாங்க" என்றாள். வெந்நீர் அடுப்பு விஷயத்துக்கு அப்புறம் அவள் அவனிடம் எதுவும் கேட்டு நான் பார்க்கவில்லை. அவன் வாசலில் நின்று படித்தான்.

"ஒற்றெழுத்து தப்பா இருக்குது" என்றான்.

"இருக்கட்டும். போடுங்க."

போட்டுவிட்டுத்தான் வந்தான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

எங்கள் கார்டு ஒன்றுகூட பத்திரிகையில் வரவில்லை. கடிதப் பகுதியில், 'குடும்பத்தோடு படிக்கத் தகுந்த கதை' என்று ஒருவரும், 'இதுபோன்ற வெட்டிக் கதைகளை எப்போது நிறுத்துவீர்கள்?' என்று இன்னொருவரும் எழுதியிருந்தார்கள். அந்த அம்மா அதற்குப் பிறகு இரண்டு மூன்று கதைதான் எழுதினார். நிறுத்தினாரா, நிறுத்தினார்களா என்று தெரியவில்லை. ரோஜா மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவழியாகப் பதில் வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் தோழி கல்யாணம் செய்துகொண்டு வாணியம்பாடிக்குப் போனாள். அவள் மாமியார் கதையில் வந்தவரைவிடச் சண்டைக்காரி என்று கேள்வி.

அவள் போவதற்கு முந்தின வாரம், அதே பத்திரிகையின் ஆசிரியர் பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்: "வாசகர் விருப்பமே எங்கள் விருப்பம்."

நான் எழுந்துவிட்டேன். "கிழிச்சுப் போடு அத!" என்றேன்.

"சும்மா இருடி" என்றாள், அதற்குள் பக்கத்தைத் திருப்பிவிட்டாள். "புதுசா எவளோ எழுதறா. இவ ஹீரோ இப்பத்தான் பொண்ணு பாக்கப் போன எடத்துல வேட்டியில டீயக் கொட்டிக்கினான்."